மூன்று குடும்பம், ஒரு கக்கூஸ், ஒரு பூட்டு

ஒரு வீட்டில் ஒரு குடும்பம் இருந்தால் அங்கே சண்டை இருக்கும். மூன்று குடும்பங்கள் இருந்தால் அங்கே கட்டாயம் ஒரு தலைவர் இருப்பார். அவரை யாரும் தெரிவுசெய்திருக்க மாட்டார்கள். ஒருநாள் காலை எழும்பி, கிணற்றடியில் நின்று, "இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரவேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டுக்குச் சனி பிடித்துவிடும்.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், நாரந்தனையில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அப்படி வந்த சனி நான்தான்.

கொழும்பிலிருந்து கலவரத்தில் அடிபட்டு, கப்பலில் ஏறி, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்த அடுத்த வருடம் அது. என் மனைவி பூமணியின் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் லண்டனில் மகனோடு போய் இருந்துவிட்டார். அவருடைய பெரிய கல்வீடு சும்மா கிடந்தது. முன்பக்க அறைகளில் நானும் பூமணியும். நடு அறைகளில் கனகலிங்கம் அண்ணை, அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா, மகள் சுகிர்தா. அண்ணைக்குத் தெற்கே கடை இருந்தது. அதுவும் நெருப்பில் போய்விட்டது. பின்பக்கத்தில் திரவியம் அக்கா, ஓர் ஆட்டோடு. புருஷன் இல்லாத மனுசி. ஆடுதான் அவருக்கு எல்லாம்.

ஒரு குசினி, ஒரு கிணறு, வளவின் கோடியில் ஒரு கக்கூஸ்.

நான் கொழும்பில் மாடிவீட்டில் இருந்தவன். அங்கே குடியிருப்பாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் கூட்டங்களுக்குக் கதிரை அடுக்கியவன் நான். (ஊரில் கேட்டவர்களிடம் "சங்க வேலை பாத்தனான்" என்று சொன்னேன். அது பொய் இல்லைத்தானே?) அந்த அனுபவத்தை வைத்து, குசினியில் யார் எப்போது அடுப்பு மூட்டுவது, கிணற்றடியில் யாருக்குப் பிறகு யார் குளிப்பது என்று விதிகள் எழுதி, விறாந்தைச் சுவரில் ஒட்டினேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கக்கூஸ் விதி.

வீட்டுக்கு முன்னால் பஸ் நிற்கும். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் பாதிப்பேர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து, கோடிக்குப் போய்விட்டு, "தங்கமான மனிசர்" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். தண்ணீருக்குத் தவிக்கிற தீவில் வாளி வாளியாய் அள்ளிவைப்பது நாங்கள். ஆகவே கதவுக்கு ஆமைப்பூட்டு போட்டேன். பூட்டைத் திறக்கக் குடும்பத்துக்கு ஒரு திறப்பு. விதி இப்படி இருந்தது: "கடைசியாகப் பாவித்தவர் பூட்டவேண்டும். பூட்டாமல் கிடக்கக் கண்டவர் எவராயினும் உடனே பூட்டவேண்டும்."

திரவியம் அக்கா வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"கக்கூசுக்குப் பூட்டுப் போட்டுக் காவல் காக்கிற ஆள் உலகத்திலையே நீர் ஒருத்தர்தான் தம்பி."

சிரித்ததோடு நிற்கவில்லை. தன் திறப்பை ஒழுங்கையில் உள்ள அயல்வீடுகளுக்கெல்லாம் இரவல் கொடுக்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் சுகிர்தாவுக்கு நயினாதீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தபால்கந்தோரில் வேலை. குறை சொல்ல எதுவும் இல்லாத இடம். ஆனால் அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும், "சொந்த வீடு வளவு இல்லை, மூண்டு குடும்பம் ஒரு குசினியிலை சமைக்கிற இடம்" என்று திரும்பிப் போனவை. நயினாதீவுக்காரரும் தரகரிடம் அதையே இரண்டு தரம் விசாரித்தார்களாம். வரப்போவதாகச் செய்தி வந்த அன்று கனகலிங்கம் அண்ணை என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"தம்பி, இந்த முறையும் தவறினால் அவள் இனி ஒருத்தருக்கும் முன்னாலை வந்து நிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள். எனக்கும் அவளைக் கேக்கிற முகம் இல்லை."

"அண்ணை, நீங்கள் யோசியாதையுங்கோ. வந்து பாத்தால் இப்பிடி ஒரு ஒழுங்கான வீடு தீவிலையே இல்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் போவினம். அது என்ர பொறுப்பு."

(பூமணி குசினிக்குள்ளிருந்து "கடவுளே" என்று சொன்னது எனக்குக் கேட்டது. தேங்காய் துருவும்போது கையில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.)

அவர்கள் வருகிற நாள் காலை ஊர்காவற்றுறைக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்று வாங்கிவந்தேன். பஸ் சனம் ஒன்றும் அன்றைக்கு உள்ளே வந்து மானத்தை வாங்கக்கூடாது. என் உள்ளங்கை அளவு பூட்டு. "இதை உடைக்கிறதெண்டால் கதவைத்தான் உடைக்கவேணும்" என்று கடைக்காரர் சொன்னார். அதன் இரண்டு திறப்புகளையும் ஒரே வளையத்தில் கோத்து, வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். பங்கீடு பிறகு.

மத்தியானம் பரமேஸ்வரி அக்கா திறப்பை வாங்கிப்போய், கக்கூசைக் கழுவி, சாம்பிராணிகூடப் பிடித்துவிட்டு, திறப்பை என்னிடம் தந்தார். பூட்டைக் கதவு வளையத்தில் திறந்தபடியே தொங்கவிட்டிருந்தார். விருந்தினர் வருகிற நேரம். பூட்டிவைத்தால் யாரிடம் போய்த் திறப்புக் கேட்பார்கள் என்று யோசித்திருக்கிறார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அவர்கள் வாடகைக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, தகப்பன், தாய். குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குக் கடைசி வள்ளம் வெளிக்கிட முன்னர் போய்ச் சேரவேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டார்கள். தகப்பன் அதிகம் பேசாத மனிதர். கதிரையில் இருந்தபடி சுவரை, முகட்டை, தரையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாய் தண்ணீர் குடித்துவிட்டு, பெண்களோடு பேசப் போவதுபோல உள்ளே போனார்.

நான் கால்முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பும்போது கோடியைப் பார்த்தேன். கக்கூஸ் கதவில் என் புதுப் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

இரத்தம் தலைக்கு ஏறியது. இப்படியொரு நாளில்கூட இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கு இல்லையா? விறுவிறு என்று போனேன். கொளுக்கியைப் போட்டு, பூட்டை மாட்டி, அமத்தினேன். 'டக்' என்ற சத்தம் மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லமுடியாது.

"உள்ளே ஆளோ?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். விதியில் அப்படி நான் எழுதவில்லை.

உள்ளே மாப்பிள்ளையின் தாய் இருந்தார். பரமேஸ்வரி அக்கா வாளியும் தண்ணீரும் கொடுத்து வழிகாட்டிவிட்டு, மரியாதைக்குக் குசினிக்குத் திரும்பியிருந்தார். அன்னிய ஆம்பிளை ஒருவரின் காலடி கேட்டதும் அந்த மனுசி வெட்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் நல்ல திருப்தியோடு திரும்பி நடந்தேன்.

விறாந்தையில் இருந்து, கூட்டாக வாழ்வது எப்படி என்று மாப்பிள்ளையின் தகப்பனுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"மூண்டு குடும்பம் எண்டு ஆக்கள் பயப்பிடுவினம் ஐயா. ஆனால் விதி இருந்தால் முந்நூறு குடும்பமும் இருக்கலாம். கொழும்பிலை மாடியிலை நாங்கள் அப்பிடித்தான் இருந்தனாங்கள்."

"ஓமோ" என்றார் அவர்.

அவர் மறுத்திருந்தாலாவது நான் நிறுத்தியிருப்பேன். அந்த "ஓமோ" என்னைத் தூக்கிவிட்டது. தண்ணீர், குப்பை, சத்தம், வாசல் கூட்டும் முறை என்று போய்க்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை பயற்றம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கனகலிங்கம் அண்ணை வாசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியோடு சுகிர்தா வரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. காரோட்டி ஒருமுறை ஹோன் அடித்தான்.

"அம்மா எங்கை?" என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

"உள்ளுக்கை பொம்பிளையளோடை" என்றேன் நான்.

உள்ளே பெண்கள், அவர் கோடிக்குப் போய்த் திரும்பி எங்களோடு முன்னுக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது திரை விலகியது. சுகிர்தா இல்லை, பரமேஸ்வரி அக்கா. முகம் சாம்பல் பூத்திருந்தது. அண்ணையைக் கண்ணால் கூப்பிட்டார். அண்ணை போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சுகிர்தாவைக் காணேல்லை" என்றார் அக்கா.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"அறையிலை இல்லை, கிணத்தடியிலை இல்லை. பட்டுச் சீலையோடை இருந்தவள். பின்படலை திறந்து கிடக்கு..."

அந்த வருடங்களில் ஒரு வீட்டில் பிள்ளையைக் காணவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். காலையில் இருந்த பிள்ளை மாலையில் இல்லாமல் போவதும், சில நாட்களின் பின் யாரோ ஒருவர் வந்து "இயக்கத்துக்குப் போட்டுது, தேடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவதும் நாங்கள் கேள்விப்பட்ட கதைதான். கனகலிங்கம் அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"போட்டாளோ?" என்றார். "என்னாலைதான். மூண்டாம் தரமும் அவளை வெளிக்கிடுத்தினனான்."

எனக்கும் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் தலைவர் ஆயிற்றே. "சபையைக் குழப்பாதையுங்கோ. நான் பாத்துக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தேன்.

பஸ் நிற்கிற இடத்தில் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கேட்டேன்.

"பச்சைச் சீலை உடுத்த ஒரு பிள்ளை இப்பதான் ஊர்காவற்றுறை பஸ்ஸிலை ஏறினது. ஏன் கேக்கிறீர் காணும்?"

சுகிர்தாவின் சீலை பச்சை.

மிதித்தேன். பகல் முழுதும் காய்ந்த தார் றோட்டு, எதிர்க்காற்று, காலில் சுற்றுகிற வேட்டி. வழியில் நேவி ட்ரக் ஒன்று எதிரே வந்தது. இறங்கி ஓரமாக, தலையைக் குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றேன். அது என்னைக் கடந்து போகிறவரைக்கும் மனதுக்குள் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன். "பிள்ளை பத்திரமா இருந்தால் காணும், கலியாணமும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஊர்காவற்றுறையில் பஸ் நின்றிருந்தது. பச்சைச் சீலை துறைமுகப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தது. எழுவைதீவு வள்ளம் கரையில் ஆடியது. வள்ளத்தில் ஏறிவிட்டால் முடிந்தது.

"பிள்ளை! நில்லும்! அப்பா செத்துப்போவார், நில்லும்!"

கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். பச்சைச் சீலையும் திரும்பியது. என்னைவிடப் பத்து வயது கூடிய பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர்.

"என்ர அப்பா செத்து ஏழு வருசம்" என்றார். "நீர் ஆர்?"

என்ன சொன்னேன் என்று தெரியாது. இரண்டு மீன்காரர் என்னை நோக்கி நடந்துவரத் தொடங்கியது தெரியும். சைக்கிளைத் திருப்பினேன். வேட்டி செயினில் மாட்டி, கிழிந்து, கரி பூசி, அரைவாசி கையிலும் அரைவாசி இடுப்பிலுமாக நாரந்தனைக்கு வந்து சேர்ந்தேன்.

விறாந்தையில் ஒருவரும் இல்லை. கார் நின்றது; காரோட்டி இல்லை. உள்ளேயும் ஆளில்லை. பின்பக்கம் ஓடினேன்.

எல்லோரும் கோடியில் நின்றார்கள். கனகலிங்கம் அண்ணை கையில் கதவை நெம்ப அலவாங்கு. மாப்பிள்ளையின் தகப்பன். மாப்பிள்ளை. காரோட்டி. திரவியம் அக்கா, ஆட்டோடு. கக்கூஸ் சுவரோரம், கவிழ்த்த வாளியின்மேல், பச்சைப் பட்டுச் சீலையோடு சுகிர்தா குந்தியிருந்தாள்.

அவளைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது. "பிள்ளை, இருக்கிறீரே!" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பூமணி மெதுவாகக் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, திறப்பு எங்கை?"

என் கை தானாக மடிக்குப் போனது. இரண்டு திறப்பும் இருந்தன. என்னோடு ஊர்காவற்றுறை பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன.

நடந்தது இதுதான். முகத்துப் பவுடர் வேர்வையில் வழிகிறது என்று சுகிர்தா பின்பக்கம் போயிருக்கிறாள். கோடியிலிருந்து "ஆரது? பிள்ளை, ஆரது?" என்று ஒரு மெல்லிய குரல். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் எல்லோருக்கும் சொல்ல வெளிக்கிட்டவளை அந்தக் குரல்தான் தடுத்திருக்கிறது. "ஆம்பிளையளுக்குச் சொல்லிப்போடாதை ராசாத்தி. பொம்பிளை பாக்க வந்து கக்கூசுக்குள்ளை அடைபட்டுப் போனாள் எண்டு நயினாதீவு முழுக்கச் சிரிக்கும்." சுகிர்தா கொண்டைஊசியால் பார்த்தாள், கல்லால் பார்த்தாள். என் பூட்டு அசையவில்லை. பூட்டை முறிக்க ஏதும் கிடைக்குமா என்று பின்படலையால் ஒழுங்கைக்கும் ஓடிப் பார்த்திருக்கிறாள். பிறகு, "நான் இஞ்சைதான் இருக்கிறன் மாமி, பயப்பிடாதையுங்கோ" என்று வாளியைக் கவிழ்த்துப்போட்டுப் பின்சுவர் நிழலில் இருந்துவிட்டாள். கிணற்றடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஆட்டை அவிழ்க்கப் போன திரவியம் அக்காதான் முதலில் கண்டார். பட்டுச் சீலை உடுத்த மணப்பெண் கக்கூஸ் சுவரோடு கதைத்துச் சிரிக்கிறாள். பேய் பிடித்துவிட்டது என்று அவர் போட்ட குரலுக்குத்தான் எல்லோரும் ஓடிவந்திருக்கிறார்கள்.

அலவாங்கை எடுத்த கனகலிங்கம் அண்ணையையும் உள்ளிருந்த குரல் தடுத்ததாம். "பிறத்தியாற்ரை வீட்டுக் கதவை உடைச்சு என்னை எடுக்கவேண்டாம். பூட்டினவர் வரட்டும்."

பூட்டினவர் வந்தார். திறப்பு இரண்டுதரம் வழுக்கியது. பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளேயும் தாழ்ப்பாள்.

"அம்மா, திறந்திட்டன், வாங்கோ!"

"ஆம்பிளையள் எல்லாரும் முன்னுக்குப் போங்கோ" என்றது குரல். "போனாப்பிறகு வாறன்."

போனோம். மாப்பிள்ளை, தகப்பன், அண்ணை, காரோட்டி, நான் என்று வரிசையாக, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல. விறாந்தையில் இருந்தோம். என் விதிகள் சுவரிலிருந்து என்னைப் பார்த்தன. காரோட்டி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இனி வள்ளம் இல்லை ஐயா" என்றான். கனகலிங்கம் அண்ணையின் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்த மனிதருடைய மகளின் வாழ்க்கையை ஓர் ஆமைப்பூட்டால் பூட்டிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா கிணற்றடியில் முகம் கழுவி, கொண்டையைச் சரிசெய்து, ஒன்றும் நடவாததுபோல வந்து கதிரையில் இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப... பிள்ளையைக் கூப்பிடுங்கோவன், பாப்பம்."

"பாக்கத் தேவையில்லை" என்றார் அம்மா.

கனகலிங்கம் அண்ணை தலையைக் குனிந்தார்.

"நான் கேட்டிட்டன். அது காணும்" என்றார் அம்மா. "மூண்டு குடும்பத்துக்கை இருக்கிற பிள்ளை, எப்பிடியோ எண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். உந்தச் சுவருக்கு வெளியிலை இருந்து அவள் என்னோடை கதைச்ச கதையை என்ர சொந்தச் சகோதரியும் கதைச்சிருக்கமாட்டாள். இவன் சாப்பிடேக்கை சத்தம் வரும், கோபம் வந்தால் ரெண்டு நாள் பேசமாட்டான், எல்லாத்தையும் நானே சொல்லிப்போட்டன். எல்லாத்துக்கும் சிரிச்சவள். அவளுக்குச் சம்மதமெண்டால் எனக்குச் சம்மதம்."

மாப்பிள்ளை கையிலிருந்த முறுக்கை மெதுவாகத் தட்டில் வைத்தார். திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பரமேஸ்வரி அக்கா. அண்ணை வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பூட்டினது நீரோ தம்பி?"

"ஓம் அம்மா."

"நல்ல ஒழுங்கான ஆள்" என்றார். "நீர் பூட்டாட்டி நான் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, யோசிச்சுச் சொல்லுறம் எண்டு போயிருப்பன்."

அதைக் கேட்டதும் எனக்கு மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது. கூட்டுக் குடியிருப்பின் விதிகள் ஒரு சம்பந்தத்தையே முடித்துவைத்திருக்கின்றன என்று ஒரு வசனம் சொல்ல வாயைத் திறந்தேன். பூமணி பின்னாலிருந்து கிள்ளினாள். அந்தத் தழும்பு கன நாள் இருந்தது.

வள்ளம் போய்விட்டதால் அவர்கள் அன்று எங்களோடேயே தங்கினார்கள். மூன்று குடும்பம் நான்கானது. குசினியில் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் நின்று சமைத்தார்கள். அடுப்பு மூட்டத் தாள் தேடிய பூமணி, விறாந்தைச் சுவரில் இருந்ததைக் கிழித்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. பூட்டைத் திரவியம் அக்கா கேட்டு வாங்கி, ஆட்டுக் கொட்டிலுக்குப் போட்டார்.

கல்யாணம் நயினாதீவில் நடந்தது. அங்கே எனக்கு எந்த வேலையும் தரப்படவில்லை. எந்தக் கதவுக்குப் பக்கத்தில் நான் போனாலும் யாராவது ஒருவர் சும்மா வந்து நின்றார்கள்.

பிறகு தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிடவேண்டி வந்தது, ஆளுக்கொரு திசையானோம். சுகிர்தாவும் புருஷனும் மாமியைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனார்கள். நானும் பூமணியும் கொழும்பில் மறுபடி மாடிவீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இங்கேயும் குடியிருப்பாளர் சங்கம் இருக்கிறது. வந்த புதிதில் இரண்டு பேர் கதவைத் தட்டி, "ஐயாவுக்கு அனுபவம் இருக்காம், நிர்வாகத்துக்கு வரலாமோ?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல முன்னர் பூமணி சொன்னாள்: "வருவார். ஆனால் திறப்பு ஒண்டும் குடுக்கப்படாது." இன்றுவரைக்கும் நான் அங்கே கதிரைதான் அடுக்குகிறேன்.

கனடாவிலிருந்து ரெலிபோன் வந்தால் அந்த அம்மா என்னிடம் சுகம் கேட்கமாட்டார். முதல் கேள்வி, "தம்பி, உள்ளுக்கை ஆரும் இல்லைத்தானே?" என்பதுதான். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது சுகிர்தாவின் பிள்ளைகள், நாரந்தனை எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்கள், உடைந்த தமிழில் அதையே கேட்கிறார்கள். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் எழும்பி, ஒருமுறை குளியலறைக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்கிறேன்.